நாற்பத்தைந்து பவுண்டு

நான் கதவு மாட்டுகிறவன்.
கடைகள், கிடங்குகள், மோட்டல்கள்,
ஒருமுறை ஒரு பந்துவீச்சுக் கூடம்.
பதினொரு கவுன்டிகள், பதினொரு விதிகள்.
வேனின் முன்னிருக்கையில் மனைவிக்கு இடமில்லை.
கோப்புகள்தான் உட்கார்ந்து வரும்.

கார்வெலில் கதவு வெளியே திறக்க வேண்டும்.
பாலம் தாண்டினால் ப்ரேடன்:
உள்ளே திறந்தாலும் கேள்வியில்லை,
திறக்காவிட்டாலும்கூட.
அங்கே ஆய்வாளர் கிடையாது.
ஷெரீஃபின் மைத்துனர் வெள்ளிக்கிழமைகளில்
கையெழுத்துப் போடுவார்,
காரைவிட்டு இறங்காமல்.

ஒரே கம்பெனியின் இரண்டு டயர் கடைகள்.
ஒரே வரைபடம், ஒரே நீலப் பெயின்ட்,
நடுவில் ஆறு.
இந்தக் கரையில் தீப்பிடித்தால்
உடம்பால் மோதினாலே கதவு வழிவிடும்.
அந்தக் கரையில்
கூட்டம் முட்ட முட்ட இறுகும்.
நான்தான் இரண்டையும் மாட்டினேன்.
இரண்டுக்கும் கூலி ஒன்று.

அதனால்,
மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்று
மசோதா வந்தபோது
தலைநகருக்கு நூற்றெண்பது மைல் ஓட்டிப் போனேன்,
இஸ்திரி போட்ட சட்டையில்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மைக் முன்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள்.
அந்தக் கூடத்தின் கதவைத்தான் முதலில் பார்த்தேன்.
தொழில் புத்தி.
வால்நட் மரம், பித்தளைக் கைப்பிடி.
உள்ளே திறந்தது.

என் மூன்று நிமிடத்தில் ஒன்றரை மிச்சம்.
அடுத்து எழுந்தவர் மார்வா லிண்ட்க்விஸ்ட்,
எல்க் ஹாலோ ஊரின் கட்டட ஆய்வாளர்.
என் கதவுகளை மூன்று தடவை
கழற்றி மாட்டச் சொன்னவர்.
அவர் கையில் ஓர் எண் மட்டும் இருந்தது.
நாற்பத்தைந்து.
ஒரு சதுர அடிக் கூரை தாங்க வேண்டிய பனி,
பவுண்டில்.
மாநில வரைபடம் எங்கள் மலையடிவாரத்துக்கு
வெளிர்நீலம் பூசி
முப்பது என்று எழுதியிருந்தது.

"ஈரப் பனி" என்றார்.
"மேற்கிலிருந்து வந்து, குன்றில் முட்டி,
எங்கள் மேல் இறங்கும்.
எழுபத்தெட்டு, பிப்ரவரி, சனிக்கிழமை.
ஸ்கேட்டிங் கூடம்.
கூரை விதிப்படிதான் இருந்தது."
மஞ்சள்.
"ஒன்பது பேர்.
ஏழு பேர் காலில் இன்னும் சக்கரம் இருந்தது."
சிவப்பு.

நாற்பத்தைந்து
எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்ட எண் இல்லை என்பது
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
அந்த வாரம் பள்ளி உணவறையில் கூடி,
யாரோ நாற்பது என்றார்கள்,
ஒரு தகப்பன் போதாது என்றான்.

குழு உறுப்பினர் ஒருவர் பேனாவைத் தட்டினார்.
"ஊருக்கு ஓர் எண் என்றால்
அது எப்படி அம்மா ஒரே விதி?"
நியாயமான கேள்வி.
அதைக் கேட்கத்தான் நானும் வந்திருந்தேன்.

மசோதா நிறைவேறியது. ஜூலை முதல் தேதி.
டயர் கம்பெனி தானாகவே கூப்பிட்டு அனுப்பியது.
ப்ரேடன் கடையில் பழைய நிலையைப் பெயர்த்து,
கீல்களை மறுபக்கம் மாற்ற
ஒரு பகல் ஆயிற்று.
மைத்துனர் வந்தார்.
காரைவிட்டு இறங்கினார்.
வெளியே நின்று, உள்ளே நின்று,
தள்ளிப் பார்த்தார், ஒரு பையனைப் போல.

எல்க் ஹாலோவில் புதிதாக ஒரு பேரங்காடி எழுகிறது.
கூரைக்கு முப்பது.
மார்வா கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டார்.
பிறகு என் வேன் பக்கம் வந்து
அவசரக் கதவு எத்தனை என்று கேட்டார்.
வரைபடத்தில் நான்கு.
"ஐந்து வைத்தால் விதி தடுக்குமா?"
ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.
தடுக்கவில்லை.
ஐந்தாவதற்கு யார் காசு கொடுப்பது என்றும்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

நவம்பர். வானம் இன்னும் காய்ந்தே இருக்கிறது.
வேனின் பின்னால் ஒரு கதவு கிடக்கிறது,
சட்டத்தோடு, தள்ளுகம்பியோடு,
பில் போடாமல்.
முன்னிருக்கையில் இப்போது ஒரே ஒரு புத்தகம்.
மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு
மேற்கே பார்த்தபடி வருகிறாள்.